கிங்கோ புத்தகம் கிங்கோவுடையதா? 136-ஐயும் 85-ஐயும் போட்டுக் குழப்பாதீர்கள்

ஏட்டுச்சுவடி
தாமஸ் கிங்கோ 17-ஆம் நூற்றாண்டு டேனிஷ் பேராயர், கவிஞர். ஞானப்பாட்டு என்றால் கிறிஸ்தவச் சபைகள் ஆராதனையில் பாடும் பாட்டு. பக்கத்து இழையில் தரங்கை மைந்தன் எழுதியிருப்பது இது: "1699-இல் வெளிவந்த டேனிஷ் ஞானப்பாட்டுப் புத்தகம் முழுவதும் தாமஸ் கிங்கோ இயற்றியது. அதனால்தான் அதற்குக் கிங்கோ புத்தகம் என்று பெயர்." இத்தனை பேர் படித்துவிட்டு விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். ஒருவருக்குமா உறுத்தவில்லை?

அந்தப் புத்தகத்தில் ஏறக்குறைய 300 பாட்டு. அதில் கிங்கோவுடையது 85. எண்பத்தைந்து. நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மீதியில் பெரும்பகுதி 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தக்காரர் லூத்தர் காலத்திலிருந்து பாடிவந்த பழைய பாட்டுகள். 1569-இல் ஹான்ஸ் தாமிஸன் தொகுத்த புத்தகத்தின் வழியாகச் சபைகளுக்குப் பழகியவை. "முழுவதும்" என்ற சொல்லை எந்தக் கடையில் வாங்கினார் என்று தெரியவில்லை.

தரங்கை மைந்தன்
வந்துவிட்டார் கணக்குப்பிள்ளை.

ஐயா, அதற்கு முன்பே கிங்கோ தொகுத்து 1689-இல் ஓடென்ஸே நகரில் அச்சான 'குளிர்காலப் பகுதி' புத்தகத்தைப் பற்றி ஏன் மூச்சே விடவில்லை? 267 பாட்டு. அதில் 136 கிங்கோ. பாதிக்கு மேல். 1699 புத்தகம் வானத்திலிருந்து குதித்ததா? பத்து ஆண்டு முன்பு அந்த மனிதர் கட்டிய வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வெள்ளையடித்தவனை வீட்டுக்காரன் என்று சொல்கிறீர்கள்.

ஏட்டுச்சுவடி
நான் கேட்டது 1699. நீங்கள் பதில் சொல்வது 1689. இரண்டும் வேறு வேறு புத்தகம். தெரியாதவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

1683. ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் ஃப்யூன் தீவின் பேராயராக இருந்த கிங்கோவிடம் புதிய சபைப் புத்தகம் தொகுக்கச் சொல்கிறார். உத்தரவு தெளிவானது. பழகிய பழைய பாட்டுகள் இருக்க வேண்டும். அவற்றில் உடைந்த சந்தத்தையும் இயைபையும் செப்பனிடலாம். ஆண்டின் ஞாயிறு, பண்டிகை வரிசைப்படி அடுக்க வேண்டும். தம் சொந்தப் பாட்டையும் சேர்க்கலாம். "சேர்க்கலாம்" என்றால் எவ்வளவு என்று அரசரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பிற்பாடு வெடித்தது அங்கேதான்.

1689. குளிர்காலப் பகுதி, அதாவது சபை ஆண்டின் முதல் பாதியாக, ஆகமன காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில்) தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் உள்ள பகுதி, அச்சாகி வருகிறது. இதற்கென்றே கிறிஸ்டியன் ஷ்ரோடர் என்ற அச்சுக்காரரை ஓடென்ஸேக்கு வரவழைத்து அச்சகம் போட்டிருந்தார் கிங்கோ. காகிதம், எழுத்து, கூலி எல்லாவற்றிலும் அவர் பணம் இறங்கியிருந்தது. புத்தகத்தைத் திறந்தால் 267-இல் 136 அவருடையது. சபைக்குப் பழகிய பாட்டுகள் பல காணோம்.

இதில் என்ன கோளாறு என்று கேட்பவர்களுக்கு: அந்தக் காலத்துக் கிராமச் சபையில் கையில் புத்தகம் வைத்திருப்பவர் சிலரே. கோயில் உபதேசியார் முன்னே எடுத்துக் கொடுப்பார், மக்கள் மனப்பாடமாகத் தொடர்வார்கள். பாதிப் புத்தகம் புதுச்சொல்லாக இருந்தால் ஆராதனையில் உபதேசியார் மட்டும் தனியே பாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1690. அனுமதி ரத்து. மறுபாதியான கோடைப் பகுதி நின்றுபோனது. வேலை ரோஸ்கில்டெயின் சோரன் யோனாஸன் என்பவருக்குப் போனது.

1693. யோனாஸன் முடித்துக் கொடுத்தார். அதில் கிங்கோ பாட்டு ஒன்றுகூட இல்லை. பூஜ்யம். அதையும் அரசர் ஏற்கவில்லை.

அதன்பிறகு சீலாந்துப் பேராயர் போர்னமன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. கிங்கோவின் சரக்கை அடியாக வைத்துக்கொண்டு வெட்டியது, சேர்த்தது, அடுக்கியது. 1699-இல் வந்தது அந்தக் குழுவின் புத்தகம். அதில் 85.

136 தள்ளுபடியான புத்தகத்தின் கணக்கு. 85 நிலைத்த புத்தகத்தின் கணக்கு. இதற்கு மேல் எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மௌனவாசகி
ஒரு சின்னக் கேள்வி. "கிங்கோவுடைய புத்தகம்" என்றால் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? இயற்றியவர் என்றா, தொகுத்தவர் என்றா, அச்சிட்டு விற்றவர் என்றா? மூன்றுக்கும் மூன்று விடை வருமே. அதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

தரங்கை மைந்தன்
ஏட்டுச்சுவடி ஐயா, நீங்களே சொன்னீர்கள்: "கிங்கோவின் சரக்கை அடியாக வைத்துக்கொண்டு." வழக்கு முடிந்தது. நன்றி.

அந்த 85-இல்தான் இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் வரிசைப் பாட்டுகள் இருக்கின்றன. கெத்செமனே தோட்டத்துக்குப் புறப்படுவதில் தொடங்கி அடக்கம் வரை, காட்சி காட்சியாக. டென்மார்க், நார்வே இரண்டிலும் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், தலைமுறை தலைமுறையாகப் பாடினார்களே, அது எந்தக் குழு எழுதியது? போர்னமன் எழுதினாரா?

இன்னொன்று. அந்த 1699 புத்தகத்தைப் பத்து ஆண்டு அச்சிட்டு விற்கும் உரிமையை யாருக்குக் கொடுத்தார்கள்? கிங்கோவுக்கு. ஊரில் எத்தனையோ அச்சுக்காரர் இருக்க, எதற்கு இவருக்கு?

ஏட்டுச்சுவடி
நஷ்டத்துக்கு ஈடு. 1690-இல் அச்சகமும் காகிதமும் தலையில் கட்டப்பட்டு நின்ற மனிதருக்குக் கொடுத்த பரிகாரம் அது. விற்பனை உரிமை வாங்கினால் இயற்றியவர் ஆகிவிடலாம் என்றால், கோபன்ஹேகன் புத்தகக் கடைக்காரர் எல்லோரும் கவிஞர்கள்தான்.

85.

யாப்புப்புலி
நீங்கள் எண்ணிக்கையில் அடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து இழையில் அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது: "டேனிஷ் கவிதையின் முதல் ஆள் கிங்கோ." அப்படியானால் ஆண்டர்ஸ் அர்ரெபோ யார்? வழிப்போக்கரா?

அர்ரெபோ 1587-இல் ஏரோ தீவில் பிறந்தவர். கிங்கோ பிறந்தது 1634. நடுவே 47 ஆண்டு. டேனிஷில் அறுசீர் ஹெக்ஸாமீட்டர், அலெக்ஸாண்டிரின் என்ற இரண்டு யாப்புகளையும் முதன்முதலில் எடுத்தாண்டவர் அர்ரெபோ. அவருடைய 'ஹெக்ஸாமெரான்' உலகம் படைத்த ஆறு நாளைப் பாடுவது, பிரெஞ்சுக் கவிஞர் து பார்த்தாஸின் 1578-ஆம் ஆண்டு நூலைத் தழுவியது. முதல் பகுதியை ஹெக்ஸாமீட்டரில் கட்டினார். அதுவும் சும்மா இல்லை, அடியின் நடுவிலும் இயைபு, கடைசியிலும் இயைபு. டேனிஷில் அது ஓடவில்லை. ஏன் என்றால், ஆறு அழுத்தத்தையும் சரியான இடத்தில் வைக்க வேண்டும், நடுவில் ஒரு இயைபுக்கும் சொல் தேட வேண்டும். சொற்கள் வளைந்து நெளிந்து வந்து நிற்கின்றன, பொருள் மூச்சுத் திணறுகிறது. பிறகு அலெக்ஸாண்டிரினுக்கு மாறினார். ஆறு அழுத்தம், பன்னிரண்டு அல்லது பதின்மூன்று அசை, ஆறாம் அசைக்குப் பின் ஒரு நிறுத்தம். உடனே நடை திறந்துகொண்டது. அடுத்த நூறு ஆண்டு டேனிஷ் கவிகள் எல்லோரும் நடந்த சாலை அது. போட்டவர் அர்ரெபோ. கிங்கோ அதில் வண்டி ஓட்டினார்.

தரங்கை மைந்தன்
ஹெக்ஸாமெரான் அச்சானது 1661. அர்ரெபோ இறந்தது 1637. 24 ஆண்டு பெட்டிக்குள் கிடந்த ஏடு எப்படிச் சாலை போட்டது? 1661-இல் கிங்கோ இறையியல் தேர்வு எழுதி முடித்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது.

யாப்புப்புலி
பைபிளின் சங்கீதங்களை அர்ரெபோ டேனிஷ் செய்யுளாக்கி வெளியிட்டது 1623. இரண்டாம் பதிப்பு 1627. அதுவும் பெட்டிக்குள் கிடந்ததா? தேடிப் பார்த்துவிட்டுப் பேசலாமே.

வடகடல்
அர்ரெபோ என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஹெக்ஸாமெரானில் உயிருள்ள பகுதி எது என்று எந்த வாசகரைக் கேட்டாலும் வட நார்வேக் கடலும் மீனும் மீன்பிடியும் என்றுதான் சொல்வார். அது து பார்த்தாஸிடமிருந்து வரவில்லை. 1618 முதல் அவர் ட்ரோண்ட்ஹைம் பேராயராக இருந்ததால் வந்தது. ஆக, டேனிஷ் கவிதையின் தந்தைக்குக் கண் திறந்த இடம் நார்வே. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுவடி
வந்துவிட்டது நார்வே. போன முறை ஹோல்பர்க் பெர்கனில் பிறந்தார் என்பதற்காக அவருடைய நாடகம் அத்தனையும் நார்வேக்கு எழுதிக் கொடுத்தீர்கள். இப்போது ஏரோ தீவுக்காரரையும் எடுத்துக்கொள்கிறீர்கள். நாலு ஆண்டு பதவியில் இருந்தார், 1622-இல் அதே நார்வேயில் பெர்கன் நகரில் கூடிய மன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. கல்யாண விருந்தில் ஆபாசப் பாட்டுப் பாடினார், ஆடினார், பேராயருக்கு அடாத வாழ்க்கை என்று. அப்போது உங்கள் நார்வே கண்ணைத் திறக்கவில்லை, கதவைத்தான் மூடியது.

வடகடல்
மன்றம் கூட்டியது டேனிஷ் அரசு. பெர்கன் வெறும் இடம். ஹோல்பர்க் பற்றி அப்போது நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, நினைவிருக்கட்டும்.

யாப்புப்புலி
பதவி போனதுதான் நல்லதாயிற்று. மால்மோவில் உட்கார்ந்து சங்கீதங்களை முடித்தார், 1626-இல் வோர்டிங்போர்க்கில் சாதாரண ஆயராகத் திரும்பி வந்தார், சான்சலர் கிறிஸ்டன் ஃப்ரீஸ் தூண்டுதலில் ஹெக்ஸாமெரானைத் தொடங்கினார். பேராயராகவே இருந்திருந்தால் விருந்துக்கு விருந்து போய்க்கொண்டிருந்திருப்பார்.

தரங்கை மைந்தன்
ஒரு பக்கம் விருந்தில் ஆடிப் பதவி இழந்தவர், மறுபக்கம் மூன்று நூற்றாண்டாகச் சபை பாடிவரும் பாட்டைத் தந்தவர். யார் முதல் ஆள் என்று வாசகரே முடிவு செய்யட்டும்.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். கிங்கோவின் ஞானப்பாட்டுகள் அன்று டேனிஷ்காரர் கையில் இருந்த நம் தரங்கம்பாடிக் கோட்டைக்கே வந்து தமிழில் பெயர்க்கப்பட்டன. சீயோன் கோயில் 1701-இல் கட்டப்பட்டது, புத்தகம் 1699. கணக்குச் சரியாக இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு என்பது இதுதான்.

1701 சீயோன் கோயில் கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்களுக்காகக் கட்டியது. தமிழ்ச் சபை 1706 ஜூலையில் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்து இறங்கிய பிறகு. அனுப்பியவர் டேனிஷ் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக், வந்தவர்கள் ஜெர்மானியர். அவர்கள் தமிழாக்கியது தங்களுக்குப் பழகிய ஜெர்மன் ஞானப்பாட்டுகளை, பாடியது ஜெர்மன் மெட்டில். "ஆண்டு ஒத்துப்போகிறது" என்பது சான்று ஆகாது. கிங்கோவின் எந்தப் பாட்டு, தமிழில் எந்த முதலடி? ஒன்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று.

காட்டும்வரை 85.

தரங்கை மைந்தன்
தமிழில் பெயர்த்தது பற்றிப் பிறகு வருகிறேன். பேச்சை மாற்றாதீர்கள். 136-க்குப் பதில் சொல்லுங்கள்.

மௌனவாசகி
பேச்சை மாற்றியது யார் என்று மேலே போய்ப் பார்க்கலாம். என் கேள்வியும் மேலேதான் இருக்கிறது.

பழமெட்டு
எண்ணிக்கையை விடுங்கள். 136-ஓ 85-ஓ, மக்கள் வாயில் ஏறியதற்குக் காரணம் மெட்டு. 1674-இல் கிங்கோ வெளியிட்ட 'ஆன்மிகப் பாடற்கோவை' முதல் பகுதியைப் பாருங்கள். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு காலைப் பாட்டு, ஏழு மாலைப் பாட்டு. இரண்டாம் பகுதி 1681. மெட்டுகளில் பல அந்நாளில் ஊரில் பாடிக்கொண்டிருந்த காதல் பாட்டு, ஆட்டிடையர் பாட்டு மெட்டுகள். ஏன் இப்படி என்று கேட்பார்கள் எனத் தெரிந்து முன்னுரையிலேயே பதில் வைத்தார்: இனிய மெட்டுக்காகப் பாவ நகரமான சோதோமின் பாட்டைக் கேட்டு ரசித்தவன், அதே மெட்டில் தேவனுடைய நகரமான சீயோனின் பாட்டைக் கேட்டால் எவ்வளவு ரசிக்க வேண்டும் என்கிற கருத்தில்.

சந்தத்திலும் கைதேர்ந்தவர். துக்கமும் மகிழ்ச்சியும் கைகோத்து நடக்கும் என்று தொடங்கும் பாட்டில் முதல் அடி 11 அசை, அடுத்த அடி 10 அசை, மாறி மாறி நான்கு அடி. அடிக்கு நான்கு அழுத்தம், கடைசி அழுத்தம் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு மெல்லசை. கிட்டத்தட்ட நடனச் சந்தம். பிறகு நாலசைத் துண்டு இரண்டு வந்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும், உடனே நீளடி ஒன்று வந்து முடிக்கும். அந்த நிறுத்தத்தில்தான் மண்ணுலகப் பொன் வெறும் மண் என்கிறார். மெட்டு ஆடச் சொல்கிறது, சொல் அடங்கச் சொல்கிறது. அர்ரெபோவின் இரட்டை இயைபு ஹெக்ஸாமீட்டரை யாராவது பாடிக் காட்டட்டும், பார்க்கலாம்.

யாப்புப்புலி
ஹெக்ஸாமெரான் படிக்க எழுதியது, பாட எழுதியதல்ல. குதிரைக்கு நீச்சல் போட்டி வைக்கிறீர்கள்.

பழமெட்டு
அப்படியானால் "முதல் ஆள்" போட்டிக்கு அதை ஏன் கூட்டி வந்தீர்கள்?

ஏட்டுச்சுவடி
பழமெட்டு சொன்னது 1674, 1681. நல்ல நூல்கள், மறுக்கவில்லை. கேள்வி 1699.

"எப்படி எண்ணினாய்" என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அதனால் நானே சொல்கிறேன். 1699 புத்தகத்தின் முதலடி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1674, 1681, 1689 மூன்றின் முதலடிகளோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பாடற்கோவையில் உள்ளது ஐயமின்றி கிங்கோ. குளிர்காலப் பகுதியில் மட்டும் உள்ளதை 1569 தாமிஸன் புத்தகத்தோடு மறுபடி ஒப்பிட வேண்டும். பழைய பாட்டையே கிங்கோ செப்பனிட்டு வைத்த இடங்கள் உண்டு, மேலோட்டமாகப் பார்த்தால் அவருடையது போலவே இருக்கும். அதைக் கழிக்க வேண்டும்.

இன்னொரு பொறி: நீண்ட பாட்டிலிருந்து ஒரு சரணத்தை மட்டும் உருவித் தனிப்பாட்டாக வைக்கும் வழக்கம். "இயேசுவே, என் இதயத்தில் உன்னை எழுது" என்று தொடங்கும் சரணம் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டு ஒன்றின் துண்டு, பிற்காலப் புத்தகங்களில் தனி எண் வாங்கி நிற்கிறது. இத்தகையதைத் தனியாக எண்ணினால் கணக்கு ஊதும். சிலர் 85-க்குப் பதில் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வது இதனால்தான். யாரும் 300 என்று சொன்னதில்லை, தரங்கை மைந்தனைத் தவிர.

தரங்கை மைந்தன்
ஒன்றிரண்டு கூடலாம் என்று இப்போது நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். ஆக 85 என்பதும் உறுதியில்லை. இவ்வளவு நேரம் கல்வெட்டுப் போல அடித்துச் சொன்னது என்னவாயிற்று?

ஏட்டுச்சுவடி
ஒத்துக்கொள்ளவில்லை. தப்பாக எண்ணுபவர்கள் எப்படித் தப்புகிறார்கள் என்று சொன்னேன். 85.

வடகடல்
புத்தகம் யாருடையது என்பதை அதைக் கையில் வைத்திருந்தவர்களிடம் கேளுங்கள். ஃபாரோ தீவுகளில் 1699 புத்தகத்தை இருநூறு ஆண்டுக்கு மேல் விடவில்லை. இசைக்கருவி இல்லை, மிக மெதுவாக இழுத்து, ஒவ்வொரு அசையிலும் சுற்றிச் சுற்றி வளைத்துப் பாடுவார்கள். அந்தப் பாணிக்கே கிங்கோப் பாட்டு என்றுதான் பெயர். புத்தகத்தில் லூத்தர் பாட்டு இருந்தாலும் அதுவும் கிங்கோப் பாட்டுதான். ஜட்லாந்தில் வைலே, ஹோர்சென்ஸ் பக்கத்து விவசாயிகள் 1798-இல் வந்த பகுத்தறிவுக் காலத்துப் புதுப் புத்தகத்தை ஏற்க மாட்டோம் என்று கிங்கோ புத்தகத்தையே பிடித்துக்கொண்டு அதிகாரிகளோடு மோதினார்கள். அவர்களிடம் போய் 85 என்று சொல்லிப் பாருங்கள்.

தரங்கை மைந்தன்
வடகடலோடு எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு. இந்தப் பதிவுக்கு மட்டும் ஒரு கும்பிடு.

ஏட்டுச்சுவடி
மக்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதும், யார் இயற்றினார் என்பதும் ஒன்றா? ஃபாரோக்காரர் லூத்தர் பாட்டையும் கிங்கோப் பாட்டு என்றார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது என் பக்கச் சான்று. நன்றி.

மௌனவாசகி
அழைத்தது ஒன்று, இயற்றியது ஒன்று. இதைத்தானே தொடக்கத்தில் கேட்டேன். சரி, நடத்துங்கள்.

யாப்புப்புலி
கிங்கோவைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். 1671-இல் அரசரின் அபிஷேகத்துக்கு வாழ்த்து, ஸ்வீடனோடு நடந்த ஸ்கானியப் போருக்கு வெற்றிப் பாட்டு, 1677-இல் பேராயர் பதவி, 1679-இல் பிரபுப் பட்டம். நெசவாளி மகன் ஏணி ஏறிய வேகத்தைப் பாருங்கள். பாதி ஞானப்பாட்டு, பாதி ஜால்ரா.

பழமெட்டு
அந்தக் காலத்தில் அரசரைப் பாடாத கவி யார்? ஆண்டர்ஸ் போர்டிங் 1666 ஆகஸ்டு முதல் மாதம் தவறாமல் செய்தித்தாளையே அலெக்ஸாண்டிரினில் எழுதினார், அரண்மனை ஆதரவில். நாலு பக்கம், போர்ச் செய்தி, கப்பல் செய்தி, அரசகுடும்பச் செய்தி, அத்தனையும் செய்யுளில். அவரையும் ஜால்ரா என்பீர்களா? சொந்தத் துயரையும் எழுதியவர் கிங்கோ. 1669-இல் மணந்த சில்லெ அடுத்த ஆண்டே இறந்துபோனார். 'கிரைசில்லிஸ்' கவிதையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுங்கள்.

யாப்புப்புலி
படித்திருக்கிறேன். துயரம் எங்கே இருக்கிறது அதில்? அது காதல் கவிதை. நீயே என் உலகத்துப் பொன் என்று கொஞ்சுகிறார். பெயருக்குள் சில்லெ ஒளிந்திருப்பதைக் கண்டதும் ஒப்பாரி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பிறகு இரண்டு மணம், மூன்றாம் மனைவி வழியாக ஃப்ராவ்டெ பண்ணையும் வந்தது. துயரம் நன்றாகவே ஆறியிருக்கிறது.

பழமெட்டு
ஒப்பாரி என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். கவிஞரைப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லுங்கள், அவர் கல்யாணக் கணக்கை எடுக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி
கல்யாணக் கணக்கு வேறு இழைக்குப் போகட்டும். இங்கே ஒரே கணக்குத்தான். "முழுவதும் கிங்கோ இயற்றியது" என்று எழுதியவர் அந்த வரியை இன்னும் திருத்தவில்லை. அங்கே இப்போதும் அப்படியேதான் நிற்கிறது, நாளைக்கு யாராவது அதை எடுத்துக் கட்டுரையில் போடுவார்.

தரங்கை மைந்தன்
திருத்த மாட்டேன். 136.

ஏட்டுச்சுவடி
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். 1699 புத்தகத்தில் கிங்கோவுடையது என்று நீங்கள் சொல்லும் பாட்டுகளின் முதலடிகளை வரிசையாகப் போடுங்கள். 86-ஆவது வரியில் சந்திப்போம்.

வடகடல்
பட்டியல் கேட்பவர் ஹோல்பர்க் இழையில் தானே தருவதாகச் சொன்ன பட்டியலை முதலில் போடட்டும்.

ஏட்டுச்சுவடி
அது வேறு விஷயம்.